மாடிப்படி ஏறினால் பாட்டு

கே: என் மகள் அமெரிக்காவில் ஆல்பனி பக்கம் இருக்கிறாள். நான் போயிருந்தபோது சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'கஃபே லேனா' என்று ஒரு மாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். காபி வந்தது, ஒருவர் கிடாரோடு மேடை ஏறினார், அதற்கப்புறம் கப்பைக் கீழே வைக்கிற சத்தம்கூட இல்லை. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட கடையாம். ஒரு காபிக் கடைக்கு அப்படி என்ன சரித்திரம்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

ப: நிறையவே இருக்கிறது அம்மா. 1960 மே மாதம் பில் ஸ்பென்சர், லேனா ஸ்பென்சர் என்ற தம்பதி திறந்த கடை அது. பில் சிற்பம் செய்கிறவர், லேனா இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். பாட்டுக்காக ஆயுளைக் கொடுக்கும் எண்ணம் இருவருக்கும் கிடையாது. சில வருஷம் கடை நடத்திக் காசு சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடலாம் என்பதுதான் போட்ட கணக்கு. கணக்கு எங்கே பலித்தது? கொஞ்ச நாளிலேயே பில் பிரிந்து போய்விட்டார், கடையும் வாடகையும் லேனா தலையில் விழுந்தன. அதைச் சுமந்துகொண்டு 1989 வரை அதே பிலா தெரு மாடியில் இருந்தார்.

அந்த ஊர் குதிரைப் பந்தயத்துக்கும் ஊற்று நீருக்கும் பேர்போனது, பாட்டுக்கு அல்ல. 1961-இல் பாப் டிலன் என்று பெயர் தெரியாத ஒரு பையன் வந்து பாடியபோது உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்களாம். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அதே டிலன்தான். எல்லோரும் இந்தக் கதையைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கு என்னவோ இன்னொருவர் கதைதான் பிடிக்கும். யூட்டா பிலிப்ஸ் என்று ஒரு பாடகர். யூட்டா மாநிலத்தில் அரசு வேலையில் இருந்தவர், 1968-இல் போருக்கு எதிரான ஒரு சின்னக் கட்சியின் சார்பில் தேர்தலில் நின்றார், தோற்றார், அப்புறம் வேலையும் போயிற்று. கையில் கிடாரும் வாய் நிறையக் கதையுமாக ஊரை விட்டுக் கிளம்பிய அவருக்கு ஒதுங்க இடம் கொடுத்தது லேனாவின் கடைதான். ரயில் ஏறி அலைகிறவர்கள், தொழிற்சங்கக்காரர்கள் பாட்டையெல்லாம் அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். டிலன் அந்த மாடிப்படி வழியாக வந்து போனவர், பிலிப்ஸ் மாதிரி ஆட்களுக்கு அதுவே வீடு. லேனாவுக்குமே அப்படித்தான், காசு முடைப்பட்ட காலங்களில் கடையிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். 1989-இல் அந்தக் கடைப் படியில்தான் தவறி விழுந்தார், அந்த வருஷமே காலமானார்.

கே: லேனா போனபிறகும் எப்படி மூடாமல் இருக்கிறது? இங்கே அப்பா போனால் மகன் கடையை மொபைல் ஷோரூமுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறார்.
– ஒரு வாசகர், வாணியம்பாடி

ப: கடையை யார் பேருக்கு எழுதுவது என்று சண்டை போட அங்கே வாரிசு இல்லை, நண்பர்கள் இருந்தார்கள். லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவு செய்து, நன்கொடை வாங்கி, ஆளுக்கொரு வேலையாகப் பகிர்ந்துகொண்டார்கள். 2016-இல் கட்டடத்தையே புதுப்பித்துவிட்டார்கள், ஆனால் சுமார் நூறு பேர் உட்காரும் கூடமாகவே வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். பெரிதாக்கியிருந்தால் உங்கள் ஊர் கல்யாண மண்டபம் மாதிரி ஆகியிருக்கும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 1950-களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலை இழந்த சர்வர்களும் சமையல்காரர்களும் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கம் வைத்து அவர்களே நடத்தினார்கள். இன்றும் இந்தியன் காபி ஹவுஸ் ஓடுகிறது. அங்கே பாட்டு இல்லை, அரட்டை உண்டு.

கே: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸ் பாடத் தொடங்கியதும் இந்தக் கடையில்தானா?
– கல்லூரி மாணவி, ஆம்பூர்

ப: இல்லை. அது பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருந்த 'கிளப் 47'. 1958-இல் இரண்டு இளம்பெண்கள் ஜாஸ் இசைக்கென்று திறந்தார்கள், அதே வருஷம் பதினேழு வயது பயஸ் அங்கே பாடினார், கொஞ்ச நாளில் ஜாஸ் பின்னுக்குப் போய் நாட்டுப்புறப் பாட்டு முன்னுக்கு வந்துவிட்டது. மவுண்ட் ஆபர்ன் தெருவில் கதவிலக்கம் 47, அதனால் அந்தப் பெயர். 1963-இல் பால்மர் தெருவுக்கு மாறியபோது அங்கேயும் 47-ஆம் எண்ணாகவே அமைந்தது. 1968-இல் மூடினார்கள், அதே இடத்தில் வந்த 'பாசிம்' இன்றும் பாட்டு நடத்துகிறது.

கே: அந்தக் காலக் காபிக் கடைகளில் கை தட்டாமல் விரலைச் சொடுக்குவார்களாமே? அப்புறம், பாட்டுக் கடையில் ஏன் காபி, ஏன் சாராயம் இல்லை?
– ஒரு வாசகர், செய்யாறு

ப: சொடுக்கு சமாச்சாரம் நியூயார்க் மெக்டூகல் தெருவில் நிலவறைக்குள் இருந்த 'கேஸ்லைட்' கடையைச் சேர்ந்தது. கை தட்டினால் காற்றுக் குழாய் வழியாகச் சத்தம் மேல்மாடி வீடுகளுக்கு ஏறும், அவர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள், அதனால் சொடுக்கு. அப்புறம் அதுவே ஸ்டைல் ஆகிவிட்டது.

காபிக்குக் காரணம் சுலபம். மாணவர்கள் கையில் ஒரு கப் காபிக்குத்தான் காசு, சாராயக் கடைக்குள் சின்னப் பிள்ளைகளை விடவும் மாட்டார்கள். குடித்தவன் பாட்டுக் கேட்கமாட்டான், தானே பாடுவான் (எங்கள் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து பாருங்கள்). லைசென்ஸ் தொல்லை வேறு. சாப்பிட, குடிக்கப் போகிற இடத்தில் பாட்டும் ஆட்டமும் நடத்தினால் தனி அனுமதி வேண்டும் என்று 1926-இல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் போட்டது, அது 2017-இல்தான் ஒழிந்தது. பல கடைகளில் பாடகருக்குச் சம்பளமே கிடையாது, பாட்டு முடிந்ததும் கூடை சுற்றி வரும், விழுந்ததுதான் வரும்படி. நம் கூத்தில் ஐம்பதோ நூறோ கொடுத்தால் கட்டியக்காரன் பெயர் சொல்லி அறிவிப்பானே, அதே பிழைப்பு. கூடையில் போட்டால் பெயர் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கே: வட ஆற்காட்டில் இப்படி ஒரு இடம் இருந்ததா?
– ஒரு வாசகர், வேலூர்

ப: நான்கு சுவருக்குள் இல்லை. நம் பாட்டெல்லாம் வெட்டவெளியில்தான். ஆனால் கூத்து நடக்கிற இடத்து டீக்கடையைக் கணக்கில் சேர்த்தால், ஊருக்கு ஊர் இருந்தது என்பேன்.

சின்ன வயதில் ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் அத்தை ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து, விடியும்வரை. களத்து ஓரத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு டீக்கடை, பால் இரவெல்லாம் கொதித்துக்கொண்டே இருக்கும். வேஷக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை அங்கேதான் நிற்பார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மாட்டிக்கொண்டு துரியோதனன் உதட்டுச் சாயம் கலையாமல் டீயை அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற அழகை இன்னும் மறக்கவில்லை. யார் நேற்று தாளம் தப்பினார், எந்த ஊரில் முன்பணம் கொடுத்துவிட்டு மீதியைத் தராமல் இழுக்கிறார்கள், எந்தப் பையன் குரல் உடைந்து இனி பெண் வேஷத்துக்கு ஆகமாட்டான் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் பேசி முடியும். கடைக்காரருக்கு பாரதம் முழுக்க மனப்பாடம், பின்பாட்டுக்காரர் அடி விட்டால் இங்கிருந்தே எடுத்துக் கொடுப்பார். கர்ணன் சாகிற நேரத்தில் யாராவது டீ கேட்டால் கொடுக்கமாட்டார், "இருய்யா, அவரு போவட்டும்" என்பார். லேனா சங்கதி படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர்தான்.

புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்றவர்களால் வெளியுலகம் இந்தப் பக்கத்துக் கூத்தைத் தெரிந்துகொண்டது. அந்த மாதிரி டீக்கடைக்காரர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

கே: நாங்கள் நாலு நண்பர்கள். சத்துவாச்சாரி பக்கம் மாடியில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். காபி, வாரா வாரம் நாட்டுப்புறப் பாட்டு என்று யோசனை. என்ன சார் சொல்கிறீர்கள்?
– இளைஞர், காட்பாடி

ப: தம்பி, வாரா வாரம் வேண்டாம், மாதம் ஒன்று போதும். நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு காபிக் கடைக்காரரைப் பிடித்துப் பம்பைக் குழு ஒன்றை உட்கார வைத்தோம். முதல் அடியிலேயே கண்ணாடிக் கதவு அதிர்ந்தது, ஒரு குழந்தை அழுதது, பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு படி இறங்கினார்கள். தப்பு பம்பை மேல் இல்லை, அது அம்மன் ஊர்வலத்துக்கு, நாலு தெருவுக்குக் கேட்க வேண்டிய வாத்தியம். அதை ஏசி அறைக்குள் அடைத்தது எங்கள் மடத்தனம். கிடார் அறைக்குப் பிறந்தது, அதனால் அவர்களுக்கு மாடி சரிப்பட்டது. உங்கள் மாடிக்கு உடுக்கைக் கதைப்பாட்டு, தாலாட்டு, நடவுப் பாட்டு, ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து பாடும் கூத்துப் பாட்டு, இவையெல்லாம் பொருந்தும். ஒப்பாரி பாடும் பாட்டிகள் வந்தால் பெரிய பாக்கியம், ஆனால் கடை திறந்த முதல் நாளே ஒப்பாரி வைத்துவிடாதீர்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. இடைவேளையில் கடைக்காரர் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். அப்புறம் யார் பம்பையைக் கேட்பது? பாட்டு நடக்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது, காபி மெஷின் சீறக்கூடாது, ஆர்டர் எடுக்கிற பையன் குறுக்கே நடக்கக்கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்ல நாலு பேரில் ஒருவர் பொல்லாதவராக இருந்தாக வேண்டும், யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வருகிற கலைஞருக்குப் போக வர பஸ் காசும் சம்பளமும் பாட்டுக்கு முன்னாலேயே கையில் கொடுத்துவிடுங்கள், கூடை சுற்றுவதெல்லாம் அதற்கு மேல்.

கே: கூத்து பார்க்க ஆசை. எப்போது, எப்படிப் போவது?
– ஐ.டி. ஊழியர், ராணிப்பேட்டை

ப: பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் சுற்று வட்டாரத்தில் எங்காவது பாரதம் நடந்துகொண்டே இருக்கும், சுவரொட்டியைப் பாருங்கள். பாய் ஒன்று, போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரிதான் போக முடியும் என்றால் கடைசி ராத்திரி போங்கள், விடிந்ததும் களத்தில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனனைச் சுற்றிப் படுகளம் (பீமன் அவனை வீழ்த்துகிற கட்டம்), சாயங்காலம் தீமிதி. நடு ஜாமத்தில் தூக்கம் சொக்கும், அப்போது எழுந்து டீக்கடை பெஞ்சுக்கு வாருங்கள். அங்கேதான் இருப்பேன், டீ என் கணக்கு.