பேரனை என்னிடம் விட்டுப் போனால் என்ன?

கேள்வி: ஸ்தோத்திரம் சிஸ்டர். எனக்கு 71 வயது. என் மகனும் மருமகளும் வருகிற ஜனவரியில் ஊழியத்துக்காக ஜாம்பியா போகிறார்கள். பேரனுக்கு 8 வயது, பேத்திக்கு 5. பேரனையாவது என்னிடம் விட்டுப் போங்கள், இங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்கிறேன். மருமகள் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள். அந்தக் காலத்து மிஷனரிகளே பிள்ளைகளை ஊருக்கு அனுப்பித்தானே படிக்க வைத்தார்கள்? நீங்கள் அந்த நாட்டில் இருந்தவர், சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: அக்கா, உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

1986இல் நாங்கள் கிழக்கு ஜாம்பியாவில் இருக்கும் சிப்பாட்டாவுக்குக் கிளம்பியபோது மூத்தவனுக்கு 7 வயது. நீங்கள் சொல்வதையே என் மாமியாரும் சொன்னார், சபைப் பெரியவர்களும் சொன்னார்கள். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் விட்டோம். லீவுக்குப் புரசைவாக்கத்தில் பாட்டி வீடு. மூன்று வருஷம் கழித்து ஃபர்லோவில் (மிஷனரிகள் ஊருக்கு வரும் நீண்ட விடுப்பு) வந்தோம். வந்த மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டு முடித்தவன், கையைத் தூக்கினான். "மிஸ், இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

அந்த ஹாஸ்டலில் அவனை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வார்டன் அம்மா தங்கமானவர். எல்லாம் ஒழுங்காக நடந்தும் இப்படி. அந்தத் தடவை அவனையும் கூட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினோம்.

சின்னவள் முதலிலிருந்தே எங்களோடு. போகும்போது மூன்று வயது. எனக்கு முன்னால் அவள் அந்த ஊர் மொழியான நியாஞ்சா பேசிவிட்டாள். ஒருநாள் சந்தையில் கப்பென்டா விற்ற அம்மாவிடம் நான் நேரே விலை கேட்டேன். (கப்பென்டா என்பது நம் நெத்திலிக் கருவாடு போலவே இருக்கும், புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் வித்தியாசமே தெரியாது.) அந்த அம்மா முகம் கொடுக்கவில்லை. என் மகள் முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையையும் மெல்லத் தட்டி, "முலி ப்வாஞ்சி" என்றாள். நலமா என்று கேட்காமல் விலை கேட்பது அங்கே மரியாதையில்லை. அந்த அம்மா சிரித்து, ஒரு கை மீனைக் கூடவே அள்ளிப் போட்டார். அவரே பிறகு எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்தார். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் பிரசங்கித்துச் சேர்த்ததைவிட என் மகள் அந்தச் சந்தையில் சேர்த்தது அதிகம் என்பேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. ஊர் திரும்பும்போது அவளுக்கு 12 வயது. பஸ் போர்டில் "பெரம்பூர்" என்று எழுத்துக் கூட்டுவதற்குள் பஸ் போய்விடும்.

அந்தக் காலத்து மிஷனரிகள் என்றீர்களே, அந்தக் கணக்கையும் பார்ப்போம். 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து ஒரே கப்பலில் புறப்பட்டவர்கள் டாக்டர் ஜான் ஸ்கடர் குடும்பமும் மைரன் வின்ஸ்லோ குடும்பமும். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, பிறகு சென்னைக்கு வந்தவை. ஸ்கடரின் மகன்கள் ஏழு பேரும் மிஷனரிகளாகி இந்தியாவுக்கு வந்தார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தம்பதி கல்கத்தாவில் கால் வைத்தவுடனேயே தங்கள் முதல் குழந்தையைப் பறிகொடுத்தார்கள். வின்ஸ்லோவின் மனைவி ஹேரியட் யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியவர். ஊரார் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வைத்த அந்த அம்மா, தன் மகன் சார்ல்ஸைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்கா அனுப்பினார். அவன் 1832இல் நியூயார்க்கில் இறந்துபோனான். அடுத்த ஜனவரியில் ஹேரியட்டும் உடுவிலில் இறந்தார். இதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் மகனுக்கு வழி இருக்கிறது.

சரி, உங்களுக்கு என்ன வேலை என்கிறீர்களா? தமிழ் உங்கள் வேலை. அங்கே மதியம் மூன்றரை என்றால் நமக்கு இரவு ஏழு. பள்ளி விட்டு வரும் நேரம். வாட்ஸ்அப்பில் பேரனைத் தினமும் அரை மணி உட்காரவைத்து தமிழ் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் திட்டாதீர்கள். துவரம் பருப்பைச் சுமந்து அனுப்பாதீர்கள், சிப்பாட்டாவில் குஜராத்திக் கடைகளிலேயே வாங்கினோம். ஸ்வெட்டர் அனுப்புங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நாங்களும் நம்பித்தான் போனோம். ஜூன், ஜூலையில் பல் கிட்டியது. கொசுவலையை மருமகளே வாங்குவாள், அதில் தலையிட வேண்டாம்.

கேள்வி: தமிழ்–ஆங்கில அகராதி செய்த வின்ஸ்லோ பாதிரியார் அமெரிக்கரா, ஆங்கிலேயரா? வீட்டில் பந்தயம்.
– கல்லூரி மாணவர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: அமெரிக்கர். மேலே சொன்ன அதே வின்ஸ்லோதான், தம்பி. நைட் என்ற பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைத்த சொற்சேகரிப்பை எடுத்து, தமிழ்ப் பண்டிதர்கள் துணையோடு வளர்த்து, 1862இல் சென்னையில் அச்சிட்டார். 67 ஆயிரம் சொற்களுக்கு மேல். அச்சுக்கு ஹண்ட் என்ற இன்னொரு அமெரிக்கர். இவ்வளவையும் ஒரே புத்தகத்தில் அடக்க உதவியது அவர் வார்ப்பித்த சின்னத் தமிழ் எழுத்துதான். வின்ஸ்லோ 1864இல் ஊர் திரும்பும் வழியில் கேப் டவுனில் இறந்தார். அவர் மகளை மணந்தவரும் சென்னையில் ஊழியம் செய்த மிஷனரிதான், டல்லஸ் என்று பெயர். அந்த டல்லஸின் பேரன்தான் 1953இல் அமெரிக்க வெளியுறவுச் செயலாளரான ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். அடுத்த பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.