உரத் தொட்டி நாறுகிறதா? தூக்கிப் போட வேண்டாம்

கேள்வி: மதுரை பழங்காநத்தத்தில் மாடி வாடகை வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். குப்பையைக் குறைக்கலாம் என்று சமையலறைக் கழிவை மண் தொட்டியில் போட்டு உரமாக்கப் பார்த்தேன். நாற்றம் தாங்கவில்லை, புழுவும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். பால் பாக்கெட், பிஸ்கட் கவர் வேறு சேர்ந்துகொண்டே போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தொட்டியிலிருந்தேதான். மக்கும் குப்பை வீட்டோடு முடிந்துவிட்டால் மிச்சக் குப்பை நாறாது. அதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது அடியில் தேங்கினால் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிரிகள்தான் அழுகல் நாற்றத்தைக் கிளப்புகின்றன. காற்று கிடைத்தால் வேறு வகை நுண்ணுயிரிகள் வேலைக்கு வரும், மண் வாசனை வரும். அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல்லில் மாநகராட்சிக் கிடங்கில் குப்பை மலையாகக் குவிந்தபோது நாறியதும் காற்றில்லாமல்தான், என்ன, அளவு பெரிது.

ஆகவே தொட்டியின் அடியிலும் பக்கவாட்டிலும் துளை இருக்கட்டும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதே கிண்ணம் அளவு காய்ந்த சமாச்சாரம் போட வேண்டும். தேங்காய் நார்த்தூள், காய்ந்த இலை, மரத்தூள், எதுவானாலும் சரி. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். தோலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுங்கள், சீக்கிரம் மக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் நார்த்தூள் சேருங்கள். சித்திரை வெயிலில் நேர்மாறாக வறண்டுபோகும், அப்போது லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் ஊற்றினால் வேலை சூடுபிடிக்கும்.

புழு உரத்துக்குக் கெடுதல் இல்லை. அதுவும் கழிவைத் தின்று தீர்க்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. மேலே இரண்டு விரல் கனத்துக்கு நார்த்தூள் பரப்பி, வாயை மெல்லிய துணியால் கட்டினால் ஈ முட்டையிடாது. எலும்பு, மீன் கழிவு, எண்ணெய்க் குழம்பு வேண்டாம். சாமிக்குப் போட்ட மல்லிகைச் சரத்தைப் போடலாம். வாழைநாரில் கட்டியதென்றால் நாரோடு மக்கிவிடும், நைலான் நூலாக இருந்தால் உருவிவிடுங்கள். தொட்டி நிரம்பியதும் அடுத்ததைத் தொடங்குங்கள். முதல் தொட்டியை 45 முதல் 60 நாள் விட்டால் கறுப்பாக, உதிரியாக உரம் கிடைக்கும்.

அப்புறம் மக்காத குப்பை. பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல் லேசாகக் கீறி ஊற்றுங்கள். அந்தச் சின்னத் துண்டு யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குத்தான் போகும். பாட்டில், டப்பா, அட்டைப்பெட்டி விலைபோகும். பிஸ்கட், சிப்ஸ் கவர் விலைபோகாது, அதில் பல அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. நம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக்கைப் பொடித்துச் சூடான ஜல்லியின்மேல் உருகவைத்துத் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அதற்கும் கவர் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். எனவே தனிப் பையில் சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பேட்டரி, குழல்விளக்கும் அப்படியே தனி.

எதையும் வாங்கும்போதே குறைப்பது இதைவிட எளிது. பரோட்டா பார்சலில் வரும் வாழை இலை தொட்டிக்குப் போய்விடும். எண்ணெய் படிந்த சால்னா கவரைத்தான் யாரும் தொடமாட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை, கவர் மட்டும் நின்றபாடில்லை. ஒரு தூக்குவாளி கொண்டுபோங்கள். பழகின கடையென்றால் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார்கள்.