ரோமின் நான்கு நதிகள் நீரூற்றில் ஒரு சிலை கையை உயர்த்தியிருப்பது, எதிரே உள்ள தேவாலயம் இடிந்து விழும் என்ற பயத்தாலா?

இல்லை. கேட்க நன்றாயிருக்கும் கட்டுக்கதை, அவ்வளவுதான். பியாட்சா நவோனா சதுக்கத்தில் உள்ள இந்த நீரூற்றைச் செய்தவர் சிற்பி பெர்னினி. எதிரே உள்ள சாந்த் ஆக்னேசே தேவாலயத்தில் பின்னர் பணியாற்றியவர் அவருடைய போட்டியாளரான கட்டடக் கலைஞர் பொரோமினி. இருவருக்கும் ஆகாது என்பதால் கதை ஒட்டிக்கொண்டது. ஆனால் நீரூற்று 1651இல் திறக்கப்பட்டது. தேவாலய வேலை தொடங்கியதே 1652இல்தான். இல்லாத கட்டடத்தைப் பார்த்து யார் பயப்படுவார்?

நீரூற்றின் நான்கு சிலைகளும் நான்கு நதிகளின் மனித உருவங்கள். கையை உயர்த்தியிருப்பவர் தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா நதி. அவருக்கு அடியில் நாணயங்கள் சிதறிக் கிடக்கும். நைல் முகத்தைத் துணியால் மூடியிருப்பதற்கும் தேவாலயத்தைப் பார்க்கப் பிடிக்காததுதான் காரணம் என்பார்கள். உண்மையில் அன்று அதன் பிறப்பிடம் ஐரோப்பியருக்குத் தெரியாது, அதனால்தான் அந்தத் துணி. டான்யூபோடு நம் கங்கையும் உண்டு: தாடி வைத்த ஆணாக, கையில் நீண்ட துடுப்போடு! கங்கையை அம்மனாகவே பார்த்துப் பழகிய நமக்குக் கொஞ்சம் விசித்திரம்தான்.

எனக்கு இதைவிட வியப்பு நடுவில் உள்ள பாறை. அடியில் குகைபோலக் குடைந்துவிட்டு, அந்த வெற்றிடத்தின் மேல் கனத்த கல் தூபியை நிறுத்தியிருக்கிறார் பெர்னினி. அப்புறம் இன்னொன்று: இதற்கான செலவுக்காகப் பத்தாம் இன்னொசென்ட் போப் விதித்த வரிகளால் ரோம் மக்கள் கொதித்துப் போனார்கள், நீரூற்று வேண்டாம், ரொட்டிதான் வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள்.