குளிர்பான ஆய்வுக்குக் குளிர்பான நிறுவனமே பணம் கொடுத்தால்?

கேள்வி: எனக்கு 48 வயது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது. இனிப்புக் குளிர்பானங்களை அறவே நிறுத்தும்படி மருத்துவர் கூறினார். ஆனால், உடல் பருமனுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே முக்கியக் காரணம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். அதற்கு நிதி அளித்தது ஒரு குளிர்பான நிறுவனம் என்ற குறிப்பும் அதிலேயே இருந்தது. அதை நம்பலாமா?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னபடியே குளிர்பானத்தை நிறுத்திவிடுங்கள். நடைப்பயிற்சி சர்க்கரை நோயைத் தள்ளிப்போட உதவும் என்பதில் ஐயமில்லை; ஆனால் நடந்தால் போதும், குடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது முற்றிலும் வேறு வாதம்.

நீங்கள் படித்த கருத்துக்கு ஒரு பின்னணி உண்டு. பருமனுக்குத் தீர்வாக உடலுழைப்பையே பெரிதும் வலியுறுத்திய அமெரிக்கப் பேராசிரியர்களின் அமைப்பு ஒன்றைத் தொடங்குவதற்குக் கோகோ கோலா நிறுவனம் 15 லட்சம் டாலர் கொடுத்திருந்ததை, 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. எதிர்ப்பு வலுத்ததும் கொலராடோ பல்கலைக்கழகம் தான் பெற்ற 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பும் கலைக்கப்பட்டது.

இதைவிட என்னை வருத்துவது பழைய நிகழ்வு ஒன்று. 1965இல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அறக்கட்டளை, ஹார்வர்டு பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து, இதய நோயில் கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் பங்கை ஆராயும் கட்டுரை ஒன்றை எழுதச் செய்தது; வெளியாவதற்கு முன்பே அதன் வரைவையும் பெற்றுப் பார்த்தது. 1967இல் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அக்கட்டுரை கொழுப்பின் மீது பழியை ஏற்றி, சர்க்கரைக்கு எதிரான சான்றுகளைக் குறைத்து மதிப்பிட்டது. பணம் வந்த வழி அதில் சொல்லப்படவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அந்த இதழில் அப்போது இல்லை. உண்மை 2016இல்தான் பழைய கடிதங்களிலிருந்து வெளிவந்தது. நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும் என்பது இன்றும் சரியே. சர்க்கரையைப் பற்றி எழுந்திருக்க வேண்டிய எச்சரிக்கை மங்கியதுதான் இழப்பு.

இத்தகைய ஆய்வுகளில் எண்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற இடத்திலேயே சாய்வு நுழைந்துவிடும். குளிர்பானத்தை அதே கலோரியுள்ள வேறொரு உணவோடு ஒப்பிட்டால் எடையில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் நாம் குளிர்பானத்தைச் சோற்றுக்குப் பதிலாகக் குடிப்பதில்லை, சோற்றுக்கு மேல் குடிக்கிறோம். இந்த உண்மையான நிலைமையை ஆராயாமல் விடும் ஆய்வு, தன் அளவில் நேர்மையாகவே நடத்தப்பட்டிருந்தாலும், உங்களுக்குப் பயன்படாது. இனிப்புப் பானங்களையும் உடல் எடையையும் பற்றிய தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கட்டுரைகளை, 2013இல் ஆராய்ந்தவர்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள்: உணவுத் தொழில்துறையோடு பணத் தொடர்பில்லாத 12 முடிவுகளில் 10, இப்பானங்கள் எடையைக் கூட்டக்கூடும் என்றன, தொடர்புள்ள 6இல் 5, போதிய சான்று இல்லை என்றன.

ஆகவே, நிறுவனத்தின் நிதி என்று கண்டதுமே ஓர் ஆய்வைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் பணம் கொடுத்தவருக்குச் சாதகமான முடிவு, தொடர்பில்லாதவர்களின் ஆய்விலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் குழந்தைகளுக்கான பால் மாவு நிறுவனங்கள் மருத்துவர்களின் ஆராய்ச்சிக்கும் கருத்தரங்குக்கும் பணம் கொடுப்பதை, 2003இல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. இனிப்புப் பானங்களுக்கும் அப்படியொரு தடை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் உணவுக்கு வருவோம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்த அளவை 50 கிராமுக்குக் கீழ், இயன்றால் 25 கிராமுக்குக் கீழ் வைத்திருப்பது நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரையின் கணக்கு. 300 மில்லி கோலாவில் மட்டும் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. பாட்டிலில் வரும் பழச்சாற்றை அதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். தண்ணீரும் உப்பு குறைத்த மோரும் போதும். மூன்று மாதம் கழித்து, இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.