வீ 1, வீ 2, வீ 3

வணக்கம் அக்கா,
புதுக்குடியிருப்பில் ஒரு பெண்கள் சங்கத்தில் வேலை செய்கிறேன். உருவாண்டா வழக்கில் வல்லுறவை இனப்படுகொலையாகவே தீர்ப்பிட்டார்கள் என்று வாசித்தேன். அப்படியொரு தீர்ப்பு எங்களுக்கும் வருமா? கடைசி யுத்தத்திலும் முகாமிலும் பாதிக்கப்பட்ட அக்காமார் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களின் வாக்குமூலங்களை வீடியோவில் பதிந்து வைக்கப் போகிறோம். அடுத்த கிழமை கூட்டம். கேள்விக்கொத்து ஒன்று தயாரித்துத் தருவீர்களா? பிள்ளைகளுக்குத் தற்காப்பு வகுப்பு தொடங்கவும் யோசனை இருக்கிறது.

அன்புள்ள தங்கச்சிக்கு,

கேள்விக்கொத்துத் தர மாட்டேன். அந்த வீடியோவை எடுக்கவும் வேண்டாம்.

உருவாண்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருவாண்டாவுக்கான ஐ.நா. நீதிமன்றத்தில், தாபா ஊரின் மேயராக இருந்த அகாயேசு மீதான தீர்ப்பு 1998 செப்டெம்பர் 2இல் வந்தது. குற்றப்பத்திரத்தில் முதலில் வல்லுறவு இருக்கவேயில்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வாய் திறந்தார்கள், நீதிபதிகள் காது கொடுத்தார்கள். அந்த ஆயத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. 1997 ஜூனில் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. இன்று இப்படியான வழக்குகளுக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது. அதை அமைத்த ரோம் சட்டத்தில் இலங்கை ஒப்பமிடாத நாடு, அதனால் அந்தப் பாதை இப்போதைக்கு எங்களுக்கு இல்லை. வெளிநாட்டு நீதிமன்றங்கள் ஒரு வழி. மற்றது நம் சட்டமா அதிபரும் நம் மேல் நீதிமன்றமும்தான். எங்கே போனாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒருவர் இருப்பார். நீங்கள் எடுக்கப்போகும் வீடியோ அவருக்குத்தான் உதவும்.

எப்படியென்று சொல்கிறேன். ஒரு பெண் பொலிஸில் 'மூன்று பேர்' என்று சொல்லியிருப்பாள். தொண்டு நிறுவனம் வந்தபோது 'மூன்று நாலு பேர்'. உங்கள் கமராவுக்கு முன்னால், 'இருட்டு, எத்தினை பேரெண்டு தெரியேல்லை'. மூன்றும் உண்மைதான். பயத்தில் பதிந்த நினைவு துண்டு துண்டாகத்தான் திரும்பி வரும், முன்பின் மாறும். மணத்தையும் சத்தத்தையும் தெளிவாகச் சொல்கிறவளுக்குத் திகதி வராது. ஆனால் குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு முரணும் வீ 1, வீ 2, வீ 3 என்று அடையாளமிடப்படும். அவள் பொய் சொல்லவில்லை என்று நிரூபிப்பதிலேயே வழக்கு முடிந்துவிடும். நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, 2016இன் கலந்தாலோசனைச் செயலணி, பத்திரிகைக்காரர், ஆராய்ச்சி மாணவர் என்று எத்தனை பேர் வன்னிக்கு வந்து கதை கேட்டுவிட்டுப் போனார்கள்! இன்னும் ஒருமுறை ஏன் கேட்கிறீர்கள்? ஒப்பம் வாங்கிவிட்டால் சம்மதம் என்று நினைக்க வேண்டாம். யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், நாளைக்கு 'அழித்துவிடு' என்றால் அழிப்பீர்களா? இதற்கு உங்களிடம் பதில் இல்லை. போன் தொலைந்தாலோ யாரும் பறித்தாலோ அந்த முகம் ஊர் முழுக்கப் போய்விடும்.

பெரும்பாலான வழக்குகளில் குறைவது பெண்ணின் வாக்குமூலம் அல்ல. செய்தவனையும் அவனுக்கு மேலே இருந்தவனையும் அந்த இடத்தோடு, அந்த நாளோடு பொருத்துகிற சான்றுதான் கிடைப்பதில்லை. எந்தக் காவலரண், எந்தப் படையணி, சீருடைச் சின்னம், வாகன இலக்கம், விடுவித்தபோது கொடுத்த துண்டு. இவற்றைப் பாதிக்கப்பட்டவள்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. அந்தப் பாதையில் மீன் விற்றவரும் சொல்லலாம், விதானையாரும் சொல்லலாம்.

அந்த அக்காமாரின் வீடுகளில் சொப்பிங் பைக்குள் ஒரு கட்டுக் கடதாசி இருக்கும். மெனிக் பாம் முகாமின் பதிவட்டை, செஞ்சிலுவைக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, கிளினிக் கொப்பி. கொப்பியில் நீல மையில் ஒரு திகதியும் டொக்டரின் கிறுக்கலும் இருந்தால் போதும், அது மறந்துபோகாத சாட்சி. லமினேட் பண்ணக் கூடாது, பிறகு மையையும் தாளையும் சோதிக்க முடியாது. பிளாஸ்டிக்கில் ஈரம் கட்டும், பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு தாளையும் தனித்தனிக் கடதாசி உறையில் வையுங்கள். இரண்டு பக்கமும் அடிமட்டத்தோடு படம் எடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் அழிந்துபோகும், கோப்பாக அனுப்புங்கள். யாரிடமிருந்து, எப்போது, யார் முன்னிலையில் பார்த்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு, கொலையும் இராசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமையை 20 வருடத்தோடு முடிக்கிறது. 2009 மே மாதத்தில் நடந்ததற்கு 2029 மே எல்லை. இதைப் பற்றிச் சங்கங்கள் கூடிப் பேசுவதை நான் காணவில்லை. அந்தப் பெண் விரும்பினால், ஒரு சட்டத்தரணியிடம் ஒரே ஒரு முறை, முழுதாக, அவள் வேகத்தில் சொல்லட்டும். கூட நீங்கள் போங்கள். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதிதாக்கப்பட்டது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். ஆசையும் காட்டாதீர்கள். 2010இல் விசுவமடுவில் நடந்த கூட்டு வல்லுறவுக்கு 2015இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நான்கு படையினருக்குத் தண்டனை கொடுத்தது. 2019இல் மேன்முறையீட்டில் அவர்கள் விடுதலையானார்கள். இதைத் தெரிந்துகொண்டு அவள் முடிவெடுக்கட்டும்.

அக்காமார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தடுப்பில் ஆண்களுக்கும் நடந்தது. தண்டனைச் சட்டக்கோவையில் வல்லுறவு பெண்ணுக்கு எதிரான குற்றம் மட்டும்தான், ஆணுக்கு நடந்தது 365ஆ (365B) பிரிவின் கடும் பாலியல் துஷ்பிரயோகத்துக்குள் வரும். அவர்களிடமும் அந்தக் கடதாசிகள் இருக்கும்.

தற்காப்பு வகுப்பை நடத்துங்கள், உடம்புக்கு நல்லது. துவக்கோடு நிற்பவனிடம் அது செல்லாது. சோதனைச் சாவடியில் பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். பிடித்துக்கொண்டுபோன ஆளின் பெயர் அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும், வீட்டுக்கு அறிவிக்க வேண்டும். இதற்கு மனுப்போடுங்கள்.

இனி ஏதும் நடந்தால், 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அதற்குள் தொடங்கி 28 நாள் குடிக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள், ஆனால் முந்துவது நல்லது. பொலிஸுக்குப் போகப் பயந்தாலும் மருந்துக்குப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கிற 'நட்பு நிலையம்' இருக்கும், கேட்டுப் போங்கள். குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல் போகச் சொல்லுங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டாளா, அதற்காக ஏசாமல் அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். உடுப்பு நனைந்திருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போட்டு சட்ட வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள்.

அடுத்த கிழமைக் கூட்டத்துக்குக் கமரா வேண்டாம். பழுப்புத்தாள் உறை ஒரு கட்டும், ஒரு கொப்பியும், கறையான் ஏறாத இரும்புப் பெட்டி எங்கே வாங்கலாம் என்ற விலை விவரமும் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
அக்கா