பேலன்ஸ் பாக்கி

கேள்வி: என் மகள் பீர்மேட்டைத் தாண்டி ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். நாளைக்குக் கல்யாணமானால் குடும்பத்தையும் வேலையையும் எப்படி பேலன்ஸ் செய்வாளோ என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: 'பேலன்ஸ்' என்றதும் எனக்கு அந்த 13 ரூபாய்தான் ஞாபகம் வருகிறது. குமுளிக்கு இந்தப் பக்கம் நாம் 'பாக்கிச் சில்லறை' என்பதை அந்தப் பக்கத்து கேரள பஸ்ஸில் 'பேலன்ஸ்' என்பார்கள். 37 ரூபாய் டிக்கெட்டுக்கு 50 ரூபாய் நீட்டினேன். "பேலன்ஸ் பின்னெத் தராம், சேட்டா" (பிறகு தருகிறேன், அண்ணா) என்று டிக்கெட்டின் முதுகில் 13 என்று கிறுக்கிக் கொடுத்தார் கண்டக்டர். வண்டிப்பெரியாறு தாண்டித் தேயிலைச் சரிவை வேடிக்கை பார்த்ததில் எனக்கு மறந்துவிட்டது, அவருக்கும் மறந்துவிட்டது. பீர்மேட்டில் அவர் முன்வாசலில் நிற்க, நான் பின்வாசலில் இறங்கிவிட்டேன். இந்தப் பக்கத்தில் இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். உதவி ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்கிறார். டிக்கெட் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அச்சு முழுக்க மங்கிவிட்டது. பேனாவில் எழுதிய 13 மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

பீர்மேடு என்றால் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. 1918ல் அங்கே பிறந்தவர். பெங்களூரில் சி.வி.ராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து, 1945ல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976ல் ஓய்வு பெற்றார். அந்த பேலன்ஸ் மட்டும் வரவே இல்லை.

அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லையே என்பீர்கள். சரி, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான லலிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 18 வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் 4 மாதக் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அங்கேயே மகளை மின் பொறியியலில் சேர்த்துவிட்டார். சான்றிதழ்களில் 'ஹி' என்றுதான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு 'ஷி' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அவர் பக்ரா நங்கல் அணையின் மின் திட்டம் வரைக்கும் வேலை பார்த்தார். குழந்தையை உறவுகள் பார்த்துக்கொண்டன. அவர் ஒன்றையும் பேலன்ஸ் செய்யவில்லை அம்மா. வீடு சில்லறையை எண்ணி முதலிலேயே கையில் கொடுத்துவிட்டது.

உங்கள் மகளுக்கு வரப்போகிற வீடு அப்படியா என்று விசாரியுங்கள். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் வேலை", "குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பேசினால் அதுவும் 'பின்னெத் தராம்' தான்.

அப்புறம், லீவுக்கு அவள் அந்த பஸ்ஸில்தானே வருவாள்? கண்டக்டருக்குப் பெரிய மீசை, இடது கையில் வாட்ச் இருக்காது. டிக்கெட்டைக் கொடுத்தனுப்புகிறேன்.