பல்லில்லாதது ஓவியரின் பிழையன்று

கேள்வி: சென்ற இதழில் டெரனோடான் என்ற பறக்கும் டைனோசாரின் படம் வந்திருந்தது. அதன் வாயில் ஒரு பல்கூட இல்லை. திரைப்படத்தில் நான் பார்த்த டெரனோடானுக்கு வாய் நிறையப் பற்கள் இருந்தன. ஓவியர் மறந்துவிட்டாரா? பல்லில்லாமல் அது எப்படி இரை பிடித்திருக்கும்?

பதில்: ஓவியர் மறக்கவில்லை, திரைப்படக்காரர்கள்தாம் அதன் பெயருக்குப் பொருள் பார்க்க மறந்துவிட்டார்கள். ‘டெரனோடான்’ என்ற கிரேக்கச் சொற்சேர்க்கைக்குச் ‘சிறகுண்டு, பல்லில்லை’ என்பதே பொருள்.

ஆயினும் தாங்கள் வருந்த வேண்டாம். அப்பெயரைச் சூட்டியவரே முதலில் தங்கள் கட்சியில்தான் இருந்தார். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துச் சுண்ணப் பாறைகளில் 1870-இல் இவ்விலங்கின் சிறகெலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்த ஆத்னியல் சார்லஸ் மார்ஷ், அருகில் கிடந்த பல் ஒன்றையும் அதனுடையதென்றே கருதினார். அதுவரை அறியப்பட்டிருந்த பறக்கும் ஊர்வன யாவும் பல்லுடையவையாக இருந்தமையால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. உண்மையில் அது ஒரு மீனின் பல். 1876-இல் அவருடைய குழுவைச் சேர்ந்த சாமுவேல் வில்லிஸ்டன் மண்டையோட்டைக் கண்டெடுத்த பிறகே, நீண்டு கூர்த்த அலகில் பல்லுக்கான குழிகூட இல்லையென்பது தெரிந்தது. ஆறாண்டுக் காலம் நிலைத்த அத்தவற்றை மார்ஷ் அவ்வாண்டிலேயே திருத்திக்கொண்டு, புதுப்பெயரையும் சூட்டினார்.

இரை பிடிப்பதற்குப் பல் வேண்டுமென்றால், நம் ஊர்க் கொக்கும் கூழைக்கடாவும் என்றோ பட்டினியால் அழிந்திருக்கும். சுமார் 8.5 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து கிடந்த ஆழமற்ற கடலின் மேல் பறந்து திரிந்த டெரனோடான், மீனை அலகால் பற்றி அப்படியே விழுங்கியது. அதன் எலும்புக்கூடுகளோடு மீனெலும்புகளும் கிடைத்திருப்பதால் இது வெறும் ஊகமன்று. உண்ணப்பட்டதும் உண்டு: ஒரு டெரனோடானின் கழுத்தெலும்பில் பெரிய சுறாவின் பல் சிக்கியிருப்பதை 2018-இல் ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். பல்லோடு சேர்ந்து கிடைத்த டெரனோடான் வேண்டுமென்றால், இது ஒன்றைத் தங்களுக்குத் தரலாம்.

‘பறக்கும் டைனோசார்’ என்ற தங்கள் தொடரும் தவறே. நான்காம் விரல் நீண்டு, அதிலிருந்து உடல்வரை விரிந்த தோற்படலமே சிறகாக அமைந்த டெரோசார் என்னும் தனிக்கிளையைச் சேர்ந்தது அது. டைனோசார்களுக்கு உறவுதானே தவிர, அவற்றுள் ஒன்றன்று. பறவைகளோ டைனோசார்களின் நேர்வழித் தோன்றல்கள். ஆகவே, தங்கள் வீட்டுக் கூரையில் அமரும் காக்கையைப் பறக்கும் டைனோசார் என்றழைப்பதற்கு இருக்கும் நியாயம், டெரனோடானை அப்படி அழைப்பதற்கு இல்லை.

ஓவியர்மீது குறை சொல்லியே தீர வேண்டுமென்றால், வேறிடத்தில் சொல்லலாம். அவர் வரைந்த கூட்டத்தில் எல்லா டெரனோடான்களுக்கும் தலையில் நீண்ட கொண்டை இருக்கிறது. நூற்றுக்கணக்கான புதைபடிவங்களை அளந்து பார்த்த கிறிஸ்டோபர் பென்னட், பெரிய கொண்டை ஆணுக்குரியது என்றும், கொண்டை சிறுத்து இடுப்பெலும்பு அகன்றவை பெண்கள் என்றும் 1992-இல் எழுதினார். ஆணின் சிறகு விரிவு சராசரியாக 5.6 மீட்டர், பெண்ணினது 3.8 மீட்டர், கிடைத்தவற்றில் பெண்களே ஏறத்தாழ இரு மடங்கு. நம் ஓவியர் ஒரு பெண்ணைக்கூட வரையவில்லை. அடுத்த முறை வரையச் சொல்லியிருக்கிறேன்.